வாசல் இல்லாத பள்ளிக்கூடம்

ஜூலை 1, திங்கள்

இந்த டைரி மகன் வேலை பார்க்கும் காற்றாலைக் கம்பெனியில் கொடுத்தது. இத்தனை நாளும் ஆட்டம் கண்ட கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். இன்று உருவி எடுத்துவிட்டேன். கட்டில் ஆடினால் ஆடட்டும். எங்கள் வீட்டில் இப்போது நடப்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும், மற்றவர்களுக்கு நேரமில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என் மருமகள் முத்துச்செல்வி பெங்களூரில் பன்னிரண்டு வருடம் பெரிய கம்பெனி ஒன்றில் இருந்தவள். பள்ளிக்கூடம் எங்கே வர வேண்டும், எத்தனை அறை, எந்தப் பக்கம் ஜன்னல், எந்தப் பக்கம் கக்கூஸ் என்று திட்டம் போடுவது அவள் வேலை. கட்டுவது வேறு ஆள். இவள் கட்டுவதற்கு முன்னால் யோசிக்கிறவள். அதற்குச் சம்பளம் தருகிறார்கள். சுனையூரில் அந்த வழக்கம் இல்லாததால் இங்கே யாரும் யோசிப்பதில்லை.

மகன் குமரவேல் மே மாதம் இந்தப் பக்கம் மாற்றலாகிக் குடும்பத்தோடு வந்துவிட்டான். செல்வி வேலையை விடவில்லை, ஆகஸ்ட் கடைசி வரை லீவு. பேத்தி நறுமுகையை எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பில் சேர்த்திருக்கிறாள். பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடம் சரிப்பட்டால் இங்கேயே இருப்பது. சரிப்படாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவள் பெங்களூர் போய்விடுவது, இவனும் மாற்றல் கேட்டுப் பின்னாலேயே போவது. இப்படிப் புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் ஒன்றும் இல்லை. தனியாக இருந்து பழகியவள்.

ஜூலை 3, புதன்

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக இரண்டு வகுப்பறையும் கழிப்பறையும் கட்ட அனுமதி வந்திருக்கிறது. எந்த இடத்தில் என்பதைப் பெற்றோர்கள் சேர்ந்த மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டுச் சொல்ல வேண்டுமாம். அந்தக் குழுவுக்கும் அடுத்த மாதம் புதுத் தலைவர் தேர்வு. தலைவர் அங்கே படிக்கிற பிள்ளையின் தாயாராக இருக்க வேண்டும் என்று சட்டம்.

“நீ நில்லு, வேற எவளுக்கு இந்த வேலை தெரியும்?” என்றேன். செல்வி, முதலில் பார்க்க வேண்டும் என்றாள். பார்க்கிறதென்றால் உண்மையிலேயே பார்க்கிறதுதான். காலை மணி அடிக்கும்போது போய் வேப்ப மரத்தடியில் நிற்கிறாள். பிள்ளைகள் எந்த வழியாக வருகிறார்கள், வெயில் எப்போது கரும்பலகையில் விழுகிறது, சாப்பாட்டுக்கு எங்கே வரிசை முட்டிக்கொள்கிறது, எல்லாம் பார்த்துவிட்டு வருகிறாள். யாரிடமும் பேசுவதில்லை.

ஊரில் கேட்கிறார்கள், உங்கள் மருமகளுக்கு ஏதும் மனக்கஷ்டமா என்று. அவள் வேலை செய்கிறாள் என்றேன். நம்பவில்லை.

ஜூலை 8, திங்கள்

செல்வி அங்கன்வாடிக்குப் போய் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கேட்டாள். பிறகு கிராம நர்ஸிடமும். இன்னும் ஐந்தாறு வருடத்தில் பள்ளிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் அறை கட்டினால், கட்டி முடிக்கும்போதே இடம் போதாதாம், இல்லையென்றால் பூட்டிப் போட்டு எலி குடித்தனம் பண்ணுமாம். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எவ்வளவு பெரிய படிப்பு.

ஆனால் அவள் பிறந்த பிள்ளைகளைத்தான் எண்ணினாள். பிறக்கப் போகிறதை யார் எண்ணுவது? சாயங்காலம் நானே கிளம்பினேன். வடக்குத் தெருவில் வைகாசியில் கல்யாணம் முடித்த ஜோடி ஒன்று. காப்பி குடித்துவிட்டு, எப்போது உத்தேசம், ஒன்றோடு நிறுத்துவீர்களா இரண்டா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். பள்ளிக்கூடத்துக்காக என்றும் சொன்னேன். அந்தப் பெண் உள்ளே ஓடிவிட்டாள். மாமியார்க்காரி என் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, மழை வரப்போகிறது, கிளம்புங்கள் என்றாள்.

மழை வரவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

வடக்குத் தெரு விஷயம் செல்வி காதுக்கு எட்டிவிட்டது. அவள் கோபப்படுகிறவள் இல்லை. “அத்தை, இனிமே கணக்கெடுப்ப நான் பாத்துக்கிடுதேன்” என்று மட்டும் சொன்னாள். குமரவேல்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பெற்ற தாயைப் பார்த்துச் சிரிக்கிறவன் என்ன மகன்.

ஜூலை 12, வெள்ளி

சாரல். துணி ஒன்றும் காயவில்லை. செல்வி குடையோடு பள்ளிக்கூட மைதானத்தில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

நறுமுகையின் தண்ணீர் பாட்டிலைப் பற்றி எழுத வேண்டும். காலையில் நிரப்பிக் கொடுப்பது சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன், திரும்பி வந்தது. எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன், அதுவும் திரும்பி வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் செம்பைத் தூக்கி மடமடவென்று குடிக்கிறாள். இத்தனை சோம்பலா என்று ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்று செல்வி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள். பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்தைப் படமாக வரையச் சொல்லி, எந்த இடத்துக்குப் போகப் பிடிக்கவில்லையோ அங்கே பெருக்கல் குறி போடச் சொல்லியிருக்கிறாள். பையன்கள் படத்தில் குறி தலைமையாசிரியை ஜெசிந்தா டீச்சர் அறையில் இருந்தது. பெண் பிள்ளைகள் படத்தில் எல்லாம் ஒரே இடத்தில். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், சுவர் திரும்பும் இடத்தில் இருக்கும் கழிப்பறை. கதவுக்கு உள்ளே போடக் கொண்டி இல்லை. அந்த மூலை யார் கண்ணிலும் படாது. பெரிய பையன்கள் பின்சுவரில் ஏறி உட்கார்ந்திருப்பார்களாம்.

“குடிச்சா போகணும்லா அத்தை. அதான் ஒருத்தியும் குடிக்கதில்ல” என்றாள்.

நான் படித்தபோது கழிப்பறையே கிடையாது, கருவேலங்காடுதான், நாங்கள் எல்லாம் படிக்கவில்லையா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது யோசித்துப் பார்த்தேன். அந்த ஐந்து வருடமும் பள்ளிக்கூடத்தில் நான் தண்ணீர் குடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தலைவர் பதவிக்கு நிற்கப் போவதாக ராத்திரிச் சாப்பாட்டின்போது செல்வி சொன்னாள். நான் அவளுக்கு ஒரு தோசை கூடுதலாக வைத்தேன்.

ஜூலை 20, சனி

இன்று பெற்றோர் கூட்டம். செல்வி பெங்களூர் பாணியில் பெரிய தாளில் வரைபடம் போட்டு ஒட்டினாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெற்றோர் அல்லாதவர்கள் வரக்கூடாது என்று ஜெசிந்தா டீச்சர் சொல்லிப் பார்த்தார். நான் குமரவேலைப் பெற்றவள் என்றேன்.

எதிர்ப்பக்கம் நிற்பது பாக்கியம். உண்மையில் நிற்பது அவள் புருஷன் சுடலைமணி. அவனுக்குச் சட்டம் இடம் கொடுக்காததால் அவளை நிறுத்தியிருக்கிறான். புதுக் கட்டடம் மைதானத்தில் ரோட்டைப் பார்த்து வர வேண்டும், முகப்பில் வளைவு, வளைவில் விளக்கு என்பது அவன் கட்சி. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். உள்ளதைச் சொன்னால் வளைவு எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

செல்வி, ரோடு உயர்ந்துவிட்டதால் தண்ணீர் எல்லாம் மைதானத்தின் முன்பக்கம்தான் வந்து நிற்கிறது, அங்கே கட்டினால் கட்டடமும் நனையும், பிள்ளைகளுக்கு விளையாட இடமும் போகும் என்றாள். வடக்கே பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்த மேட்டில் வகுப்பறைகள், அவற்றை ஒட்டினாற்போல டீச்சர் கண்ணில் படும்படி கழிப்பறை என்று படத்தில் கோல் வைத்துக் காட்டினாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. தாளில் இருந்தது நாலைந்து பெட்டி, கொஞ்சம் அம்புக்குறி. எனக்கே அது பாக்கு மட்டைத் தட்டு அடுக்கி வைத்த மாதிரிதான் தெரிந்தது.

“படத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நம்மூரு ஆளுக்கு வளைவுன்னாத் தெரியும். இது என்னன்னு தெரியுமா?” என்றான் சுடலைமணி. சிரிப்பு அவன் பக்கம்.

பாக்கியம் படத்தின் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 28, ஞாயிறு

வீடு வீடாகப் போய்விட்டு வந்தேன். செல்விக்கு ஓட்டுக் கேட்கத் தெரியவில்லை. வாக்குறுதி எதுவும் கொடுக்கக்கூடாது, ஏனென்றால் இன்னும் தீர்மானம் ஆகவில்லை என்கிறாள். வாக்குறுதி இல்லாமல் எவள் கை தூக்குவாள்?

சத்துணவு சமைக்கும் மாடத்திக்கு மேற்குப் பக்கம் ஜன்னல் உறுதி செய்துவிட்டேன். தெற்குத் தெருக்காரிக்கு அவள் மகன் வகுப்பறைக்கு இரண்டு மின்விசிறி. சுப்பம்மாளுக்கு என்ன வேண்டுமென்று அவளுக்கே தெரியவில்லை. புதுக் கட்டடத்தில் உனக்கு ஒரு வாசல் என்று சொல்லி வைத்தேன். சந்தோஷப்பட்டாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பெங்களூரிலிருந்து போன். செல்வி வேலைக்குத் திரும்புகிறாளா இல்லையா என்று இந்த மாதம் இருபதுக்குள் சொல்ல வேண்டுமாம். குமரவேலும் அவளும் முற்றத்தில் நின்று மெதுவாகப் பேசினார்கள். கழிப்பறை விஷயம் சரியாகாவிட்டால் பிள்ளையை அங்கே தொடர்ந்து அனுப்ப மனம் வரவில்லை என்று அவள் சொன்னது மட்டும் கேட்டது.

போனால் போகட்டும். இரண்டு அறையையும் பூட்டிவிட்டால் பெருக்குகிற வேலை மிச்சம். வத்தல் காயப் போட மாடி முழுக்க எனக்குத்தான். தொலைக்காட்சியில் நான் நினைத்ததைப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மனுக்கு நூற்றெட்டு எலுமிச்சையில் மாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். எதற்காக என்று எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நாளை தலைவர் தேர்வு. தாளில் காட்டிப் பிரயோஜனம் இல்லை, தரையிலேயே காட்டப் போகிறேன் என்கிறாள் செல்வி. அஸ்திவாரம் தோண்டும் முன்னால் கொத்தனார் சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவாரே, அதே மாதிரி வடக்கு மேட்டில் முழுக் கட்டடத்தையும் நிஜ அளவில் போட்டுவிட்டால், ஜனங்கள் உள்ளே நடந்து பார்க்கலாமாம். பெங்களூரில் ஒரு தடவை இப்படிச் செய்து ஒரு பள்ளிக்கூடத்துக்காரர்களைச் சம்மதிக்க வைத்தாளாம்.

சாயங்காலம் முளையடித்துக் கயிறு கட்டிவிட்டு வந்தாள். கோடு போட நேரான கை வேண்டும் என்று யோசித்தாள். இந்தத் தெருவில் கோலத்துக்குப் பெயர் வாங்கியவள் யார் என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

கை வலிக்கிறது. இருந்தாலும் இன்று நடந்ததை இன்றே எழுத வேண்டும்.

காலையில் நானும் மாடத்தியும் சுண்ணாம்புப் பொடியோடு போனோம். எந்தக் கயிறு சுவர், எது நடை என்று காட்டிவிட்டுச் செல்வி, கூட்டத்தைப் பார்வையிட வரும் அதிகாரியை அழைத்து வர பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். நாங்கள் கோடு இழுத்தோம். அப்படி ஒரு கோடு இந்த ஊர் பார்த்ததில்லை. ஆனால் கயிறு அங்கங்கே விட்டுப் போயிருந்தது. இந்த அறையில் ஒரு இடைவெளி, அந்த அறையில் ஒரு இடைவெளி. பாவம், அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். கோட்டை வாய் திறந்தபடி விட்டுவிட்டுப் போக எந்தப் பெண்ணுக்குக் கை வரும்? அதுவும் ஒரு நல்ல காரியத்துக்கு. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மூடினேன். சுற்றிலும் செம்மண் பட்டை கொடுத்தேன். வகுப்பறை நடுவில் வெறிச்சென்று இருந்ததால் ஒரு தாமரை.

செல்வி வந்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் எத்தனையோ தப்பைப் பார்த்திருப்பாள். இதைப் பார்த்திருக்க மாட்டாள்.

“அத்தை, வாசல்லாம் எங்க?”

“எந்த வாசலு?”

“நான் இடம் விட்டிருந்தேன்லா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் ஜனங்கள் வந்துவிட்டார்கள். அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாமரையைப் பார்த்தார். சுடலைமணி கோட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தான். அவனுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது.

“பெரியம்மா, பிள்ளையள ஓட்டப் பிரிச்சி உள்ள எறக்கப் போறியளா?”

எல்லோரும் சிரித்தார்கள். மாடத்தியும் சிரித்தாள். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. பெங்களூர் பஸ் கண் முன்னால் ஓடியது. இல்லை, அப்படி ஒன்றும் ஓடவில்லை, வெயில் அதிகம்.

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. கோட்டோரமாக வந்து ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பிறகு, அவள் குரல் அத்தனை சத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது, “வாசல் வைக்கல. எங்க வேணும்னு நீங்களே சொல்லுங்க. சொல்லாண்டாம், காலால அழிச்சிக் காட்டுங்க” என்றாள்.

ஒருத்தியும் அசையவில்லை. போட்ட கோலத்தை மிதிக்க யார் வருவார்கள்? பெண்கள் எல்லாம் செம்மண் பட்டைக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்கள். சாரல் வேறு தூற ஆரம்பித்தது. செல்வி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, பார்த்தாள்.

நான் போய் என் கோட்டின் மேல் காலை வைத்தேன். என் ஆயுளில் நான் போட்ட கோட்டை நானே மிதித்ததில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகத் தேய்த்து வழி செய்து, உள்ளே போய்த் தாமரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

அப்புறம் என்ன. சுப்பம்மாள் முதல் ஆளாக வந்து, எனக்கு ஒரு வாசல் சொல்லியிருந்தீர்களே என்று தெற்கே ஒன்று தேய்த்தாள். அங்கே சாரல் அடிக்கும் என்று மாடத்தி அதைப் பொடி போட்டு மூடினாள். இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். ஒருத்தி பெஞ்சு எங்கே வரும் என்று கேட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தே பார்த்துவிட்டாள். தாளில் பார்த்தபோது தலையை ஆட்டிய ஜனம் இப்போது செல்வியை ஒரு நிமிஷம் விடவில்லை. கதவு உள்ளே திறக்குமா, வெளியே திறக்குமா, கூட்டமாகப் பிள்ளைகள் ஓடி வந்தால் என்ன ஆகும் என்று கேள்வி. அவள் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். யாராவது அவளைவிட நல்ல யோசனை சொன்னால் அந்த இடத்திலேயே கோட்டை மாற்றினாள்.

இதற்கிடையில் பாக்கியம் உள்ளே வந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். நேராகக் கழிப்பறைக்குப் போட்டிருந்த பெட்டிக்குப் போனாள். அதற்குள் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். பின்சுவர் தெரிகிற பக்கத்தைக் கையால் மறைத்துப் பார்த்தாள். பிறகு வகுப்பறையை ஒட்டிய பக்கத்தில் மெல்லக் காலால் தேய்த்தாள்.

“இங்கன வாசல் வையுங்க. டீச்சர் இருந்த எடத்துலருந்தே பாக்கலாம். எம்மவளும் தண்ணி குடிக்க மாட்டேங்கா” என்றாள்.

சுடலைமணி வெளியே நின்று, “ஏட்டி, வெளிய வா” என்றான்.

“கொண்டி எந்த ஒசரத்துல வைக்கதுன்னு கேட்டுட்டு வாரேன். நீங்க வளைவுக்குக் கீழ நில்லுங்க” என்றாள்.

இந்தத் தடவை சிரிப்பு இந்தப் பக்கம்.

கை தூக்கச் சொன்னார் அதிகாரி. செல்விக்குத் தூக்கிய கைகளை எண்ணவே வேண்டியிருக்கவில்லை. பாக்கியமும் தூக்கினாள், அவளே எதிர்ப்பக்கம் நிற்கிறவள் என்று ஜெசிந்தா டீச்சர் ஞாபகப்படுத்தியும் இறக்கவில்லை. அவளைத் துணைத் தலைவராகப் போட்டார்கள். வடக்கு மேட்டிலேயே கட்டுவது, கழிப்பறை வகுப்பறையை ஒட்டி என்று தீர்மானம். நானும் கை தூக்கினேன். பாட்டிகளுக்கு ஓட்டு இல்லை என்றார் அதிகாரி. இறக்கிக்கொண்டேன். தூக்கியதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், அது போதும்.

திரும்பி வரும்போது, வாசலை நான் வேண்டுமென்றேதான் மூடினேன் என்று செல்வியிடம் சொல்லிப் பார்த்தேன். “சரி அத்தை” என்றாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எலுமிச்சைக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். விலை ஏறிக் கிடக்கிறதாம். அம்மனிடம் பேரம் பேச முடியாது.

ஆகஸ்ட் 19, திங்கள்

செல்வி பெங்களூருக்குப் போன் போட்டாள். முற்றத்தில் நின்று பேசினாள். நான் அடுப்படியில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து முற்றம் கேட்பது என் தப்பு இல்லை, வீட்டை அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

முழுக்க இங்கிலீஷ். ‘சாரி’ என்றாள். ‘சாரி’ இந்தப் பக்கத்துக்கும் சொல்லலாம், அந்தப் பக்கத்துக்கும் சொல்லலாம். அவர்கள் ஏதோ நிறையச் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ‘நோ’ என்றாள். இன்னொரு தடவை ‘நோ’ என்றாள். ‘ஸ்கூல்’ என்றாள், ‘சுனையூர்’ என்றாள், ‘தேங்க்ஸ்’ சொல்லி வைத்துவிட்டாள்.

நான் போய் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. சாம்பாருக்கு உப்புப் போட்டேன், தாளித்தேன், இறக்கினேன். இறக்கும்போது ஞாபகம் இல்லாமல் இன்னொரு தடவை உப்புப் போட்டிருக்கிறேன்.

சாப்பாட்டின்போது குமரவேல் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், குனிந்து இன்னொரு வாய் வைத்தான். செல்வி தட்டை நீட்டி இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.